தம்பி கேட்ட மென்பொருளும் ஒரு பழைய கோப்பும்

போன ஆனி மாதம் ஒரு சாயங்காலம், எதிர்வீட்டுத் தம்பி மடிக்கணினியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து திண்ணையில் உட்கார்ந்தான். எங்கள் தெருவில் எல்லோருக்கும் நான் மாமாதான். அவன் அப்பா கொத்தனாராக இருந்து மேஸ்திரியானவர். இவன் டிப்ளமோ சிவில் படித்துவிட்டு இந்தப் பக்கத்தில் சின்னச் சின்னக் கட்டட வேலைகளை ஒப்பந்தம் எடுத்துச் செய்கிறான்.

"மாமா, நீங்க முப்பத்தஞ்சு வருஷம் காண்ட்ராக்ட் ஃபைலத்தானே பார்த்தீங்க. இதுல எதை வாங்கலாம்னு ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றான்.

விஷயம் இதுதான். மூன்று தளப் பள்ளிக் கட்டடம் ஒன்று அவனுக்கு உள்ஒப்பந்தமாகக் கிடைத்திருக்கிறது. இதுவரை செய்ததில் அதுதான் பெரிய வேலை. பெரிய ஒப்பந்ததாரர் கொடுத்த தாளில் ஒரு நிபந்தனை: வேலை அட்டவணையை மென்பொருளில் தயாரித்து 15 நாளில் ஒப்படைக்க வேண்டும், மாதாமாதம் புதுப்பித்துத் தர வேண்டும். தம்பி மூன்று இடத்தில் விலை கேட்டிருக்கிறான். பிரைமவேராவுக்கு வந்த விலைப்பட்டியல் லட்சத்தைத் தாண்டியிருந்தது. மைக்ரோசாஃப்ட் பிராஜெக்டுக்கு மாத வாடகை. மூன்றாவது, சென்னையிலிருந்து ஒருவர் தொலைபேசியிலேயே விற்கப் பார்த்த, இணையத்தில் ஓடும் ஏதோ ஒன்று. பெரிய கம்பெனிகளெல்லாம் பிரைமவேராதான் வைத்திருக்கின்றன, அதை வாங்கினால் அடுத்த டெண்டருக்கும் மதிப்பு என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். வீட்டில் பெண்டாட்டியின் சங்கிலியை அடகு வைக்கப் பேசி முடித்துவிட்டுத்தான் என்னிடம் வந்திருக்கிறான்.

எனக்குக் கணினி தெரிந்தது ஓய்வு பெற்ற பிறகுதான். ஆனால் கட்டட வேலையின் கால அட்டவணை என்ற காகிதத்தை ஆயிரக்கணக்கில் கையால் தொட்டிருக்கிறேன். அதனால், "ரெண்டு நாள் டைம் குடு, அதுவரைக்கும் அடகுக் கடைக்குப் போகாதே" என்று சொல்லி அனுப்பினேன். அந்த இரண்டு நாளில் படித்ததும், பழையதை நினைத்துப் பார்த்ததும்தான் இந்தக் கட்டுரை.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் எங்கள் அலுவலகத்தில் அட்டவணை என்றால் பார் சார்ட். இடது பக்கம் வேலைகளின் பெயர், மேலே மாதங்கள், நடுவே பட்டை பட்டையாகக் கோடுகள். இதைப் பெரும்பாலும் அமெரிக்கரான ஹென்றி கேன்ட் பெயரில் சொல்கிறார்கள். அவர் 1910-களில் பரப்பினார். அவருக்கு முன்பே, 1896-இல், போலந்து நாட்டுப் பொறியாளர் கரோல் அடமியெட்ஸ்கி இதே மாதிரி ஒன்றை வரைந்துவிட்டார். அவர் எழுதியது போலிஷ், ரஷ்ய மொழிகளில். உலகம் ஆங்கிலத்தில் படித்தது. பெயர் கேன்ட்டுக்குப் போய்விட்டது. (பிரெஞ்சு வழியில் படித்துவிட்டு ஆங்கிலத்தில் குறிப்பு எழுதிப் பிழைத்தவனுக்கு இந்த மாதிரிச் செய்திகள் சட்டென்று கண்ணில் படும்.)

எங்கள் அலுவலக வரைவாளர் ஒருவர் ஒரே பார் சார்ட்டை டிரேசிங் தாளில் வைத்திருந்தார். விடுதி என்றாலும் ஆஸ்பத்திரி என்றாலும் அதே பட்டைகள்தான். தலைப்பை மட்டும் சுரண்டிவிட்டு மாற்றுவார். புளூ பிரிண்ட் போட்டு ஒப்பந்தத்தோடு தைத்தால் வேலை முடிந்தது. அதற்குப் பிறகு அதை யாரும் திறந்து பார்த்து நான் கண்டதில்லை, தகராறு வரும் வரைக்கும்.

பட்டைக்கு ஒரு பெரிய குறை உண்டு. எந்த வேலை எதற்காகக் காத்திருக்கிறது என்று அது சொல்லாது. அஸ்திவாரம் பத்து நாள் தள்ளிப்போனால் ஜன்னல் கிரில் எத்தனை நாள் தள்ளிப்போகும்? பட்டையைப் பார்த்துச் சொல்ல முடியாது, மேஸ்திரியைக் கேட்டுத்தான் சொல்ல முடியும். இதைத் தீர்க்க 1950-களின் கடைசியில் மூன்று இடங்களில், கிட்டத்தட்ட ஒரே சமயத்தில், வழி கண்டுபிடித்தார்கள்.

ஒன்று அமெரிக்காவில் டூபாண்ட் என்ற ரசாயன நிறுவனம். 1957-இல் அதன் மார்கன் வாக்கரும், ரெமிங்டன் ரேண்ட் கணினி நிறுவனத்தின் ஜேம்ஸ் கெல்லியும் சேர்ந்து, வேலைகளை ஒன்றோடொன்று கோத்து, அதில் எந்தச் சங்கிலி மிக நீளமானது என்று யூனிவாக் கணினியில் கணக்குப் போட்டார்கள். அந்த நீளமான சங்கிலிதான் முழு வேலையின் காலத்தைத் தீர்மானிக்கும். மற்றவற்றில் கொஞ்சம் தாமதம் ஆனாலும் பாதகமில்லை. இதுதான் சி.பி.எம். லூயிவில் நகரத்து ஆலையைப் பராமரிப்புக்காக நிறுத்தும்போது, சராசரியாக 125 மணி நேரம் பிடித்த வேலையை இந்தக் கணக்கால் 93 மணியில் முடித்தார்கள். 

இரண்டாவது அமெரிக்கக் கடற்படை. பொலாரிஸ் ஏவுகணைக்காக 1958-இல் வந்தது பெர்ட். நம் ஊர்ப் பொறியியல் கல்லூரிகளில் 'பெர்ட் அண்ட் சி.பி.எம்.' என்று இரட்டைப் பிள்ளைகள் மாதிரி சேர்த்தே சொல்வார்கள். எல்.எஸ். ஸ்ரீநாத்தின் புத்தகம், புன்மியாவின் புத்தகம் எல்லாம் எங்கள் அலுவலக உதவிப் பொறியாளர்களின் மேஜையில் கிடக்கும். பொலாரிஸ் திட்டம் சொன்ன காலத்துக்கு முன்பே முடிந்ததால் பெர்ட்டுக்கு உலகப் புகழ். ஆனால் ஹார்வி சபோல்ஸ்கி என்ற அரசியல் அறிவியல் பேராசிரியர் அந்தத் திட்டத்தை ஆராய்ந்து 1972-இல் ஒரு புத்தகம் போட்டார். பெர்ட்டால்தான் வேலை வேகமாக நடந்தது என்பதை அவர் ஏற்கவில்லை. வெளியிலிருந்து வந்து கேள்வி கேட்பவர்களைத் தள்ளி நிறுத்த அந்தப் படங்கள் பெரிதும் உதவின என்பதே அவர் கண்டது. இத்தனை அறிவியலாக நடக்கிறது, இதில் நாம் எங்கே தலையிடுவது என்று வந்தவர்கள் திரும்பிப் போய்விடுவார்களாம். அரசு அலுவலகத்தில் இருந்தவன் எவனுக்கும் இது ஆச்சரியமாக இருக்காது.

மூன்றாவது ஆள்தான் எனக்கு நெருக்கமானவர். பெர்னார் ருவா. ஆங்கிலத்தார் ராய் என்று படிப்பார்கள், ஏதோ வங்காளத்துக்காரர் என்று தோன்றும். பிரெஞ்சுக்காரர். பாரிஸில் செமா என்ற ஆலோசனை நிறுவனத்தில் இருந்தபோது, 1958 வாக்கில், மெத்ரா பொத்தான்சியல் முறை என்ற ஒன்றை உருவாக்கினார். அமெரிக்க முறைகளில் அம்புக்குறிதான் வேலை. அதனால் சும்மா ஒப்புக்கு டம்மி அம்புகள் போட வேண்டியிருக்கும், படம் சிலந்தி வலையாகிவிடும். ருவாவின் முறையில் வேலை ஒரு பெட்டி. அம்புக்குறி, எது எதற்குப் பிறகு என்ற நிபந்தனை. அவ்வளவுதான். ஸ்டான்ஃபோர்டில் ஜான் ஃபோண்டால் என்ற பேராசிரியரும், கணினி வாங்க முடியாத கட்டட ஒப்பந்ததாரர்கள் கையாலேயே கணக்குப் போடட்டும் என்று 1961-இல் இதே பெட்டி முறையை எழுதினார். இன்று பிரைமவேராவோ மைக்ரோசாஃப்ட் பிராஜெக்டோ எதைத் திறந்தாலும் உள்ளே இருப்பது பெட்டி முறைதான்.

ருவாவின் முறையை ஆரம்பத்திலேயே பயன்படுத்திய வேலைகளில் ஒன்று 'ஃபிரான்ஸ்' என்ற பயணிகள் கப்பல். 1960 மே மாதம் சேன்-நசேர் துறையில் அதைக் கடலில் இறக்கினார்கள். புதுவையில் எங்கள் வகுப்பறைச் சுவரில் அந்தக் கப்பலின் வண்ணப் படம் மாட்டியிருந்தது. கறுப்பு உடம்பு, மீன் துடுப்பு மாதிரி இரண்டு பக்கமும் இறக்கை வைத்த சிவப்புப் புகைபோக்கி. அதைப் பார்த்தபடி வாய்ப்பாடு ஒப்பித்தவன், அந்தக் கப்பலைக் கட்டிய கணக்கு தியாகதுருகத்துத் திண்ணையில் ஒரு மேஸ்திரி மகனின் மடிக்கணினியில் கிடக்கும் என்று எங்கே நினைத்தேன்.

ருவா இன்னொன்றும் செய்தார். அதைச் சொல்லும் முன் கணினிக் கதையை முடித்துவிடுகிறேன். 1983-இல் ஃபிலடெல்ஃபியா பக்கம் ஜோயல் காப்பல்மன், டிக் ஃபாரிஸ் என்ற இருவர் பிரைமவேராவைத் தொடங்கினார்கள். அதுவரை அறை அளவு கணினியில் ஓடிய கணக்கு மேஜைக் கணினிக்கு வந்தது. 2008-இல் ஆரக்கிள் நிறுவனம் அதை வாங்கிக்கொண்டது. மைக்ரோசாஃப்ட் பிராஜெக்டின் முதல் பதிப்பு 1984-இல் டாஸ் காலத்தில் வந்தது. பிரைமவேரா என்றால் வசந்தம். பிரெஞ்சில் அதே வேரிலிருந்து பிரிம்வேர் என்று ஒரு பூவின் பெயர் உண்டு. கல்வராயன் மலைத் தார்ச்சாலை டெண்டர் வரைக்கும் அந்தப் பூ வந்துவிட்டது.

இந்த மென்பொருள் எதுவும் இல்லாத காலத்தில் நம் நாட்டில் வேலை நடக்கவில்லையா? 1964 டிசம்பர் 22, 23-இல் அடித்த புயலில் தனுஷ்கோடி அழிந்தது, பாம்பன் ரயில் பாலத்தின் கர்டர்களில் பெரும்பாலானவை கடலுக்குள் போயின. அப்போது எனக்குப் பதின்மூன்று வயது. புதுவைக் கடற்கரையிலும் அலை பயங்கரமாக இருந்தது. பாலத்தைச் சரிசெய்ய ரயில்வே முதலில் குறித்த காலம் 6 மாதம். தெற்கு ரயில்வேயின் பொது மேலாளர் அதை 3 மாதமாகக் குறைத்தார். பொறுப்பேற்ற இளம் பொறியாளர் ஈ. ஸ்ரீதரன் 46 நாளில் ரயிலை ஓட விட்டார்.

இதை வீரக் கதையாக நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் இதை அட்டவணைக் கணக்காகப் பார்க்கிறேன். முதலில் போட்ட திட்டத்தில் நீளமான சங்கிலி கர்டர்தான். எங்கெங்கோ இருந்து இரும்புக் கர்டர்களைச் செய்தும் திரட்டியும் பாம்பனுக்குக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். கடலுக்குள் விழுந்த கர்டர்கள் மண்ணில் கிடப்பதை மீனவர்கள் காட்டிக்கொடுத்தார்கள். அவற்றையே தூக்கி மறுபடி பொருத்தலாம் என்று ஆனதும் சங்கிலியே மாறிவிட்டது. இனி நாளைத் தீர்மானிப்பது கர்டர் வரவு இல்லை, தூக்கி வைக்கும் வேகம். அதற்கு ஏற்பாடு செய்தார்கள். சங்கிலி மாறியது என்ற செய்தி மீனவர் வாயிலிருந்து பொறியாளர் காதுக்குப் போய், அவர் அன்றைக்கே திட்டத்தை மாற்றிக்கொண்டதுதான் அங்கே நடந்த பெரிய காரியம். அதே ஸ்ரீதரன் பிறகு டெல்லி மெட்ரோவில் வேலைத் தளங்களில் இன்னும் இத்தனை நாள் பாக்கி என்று காட்டும் தலைகீழ்க் கடிகாரங்களை வைத்தார். 65 கிலோமீட்டர் நீளமுள்ள முதல் கட்டம் 10 ஆண்டு என்று திட்டமிட்டு, 2005 டிசம்பரிலேயே, ஏழு ஆண்டுக்குச் சற்று மேலே முடிந்தது. அங்கே எல்லாக் கணினியும் இருந்தது. கொத்தனார் முதல் தலைவர் வரை ஒரே எண்ணைப் பார்த்தது அந்தப் பலகையில்தான்.

இனி என் பழைய கோப்பு.

1981. அப்போது சிமெண்ட் கட்டுப்பாட்டில் இருந்தது. பகுதிக் கட்டுப்பாடு நீங்கியது 1982-இல். அரசு வேலைக்கு ஒப்பந்ததாரர் வெளியே சிமெண்ட் வாங்கிப் போட முடியாது, துறைக் கிடங்கிலிருந்துதான் மூட்டை வரும். சிறிய ஒப்பந்ததாரர் ஒருவர் விடுதிக் கட்டடம் எடுத்திருந்தார். கூரைக்குக் கம்பி கட்டிவிட்டு மூன்று மாதத்துக்கு மேல் சிமெண்டுக்காகக் காத்திருந்தார். கம்பி துருவேறி, சென்ட்ரிங் பலகை வெயிலில் வளைந்து போனது. வேலை முடியத் தாமதமாகி, கால நீட்டிப்புக் கேட்டு விண்ணப்பம் கொடுத்தார். நீட்டிப்புக் கிடைக்காவிட்டால் அபராதம்.

கோப்பு என் மேஜைக்கு வந்தது. இதற்கென்று ஒரு பதிவேடு உண்டு. ஹிண்ட்ரன்ஸ் ரிஜிஸ்டர் என்போம், தடைப் பதிவேடு. எந்தத் தேதியில் எதனால் வேலை நின்றது, எந்தத் தேதியில் தடை நீங்கியது என்று எழுதி, தளத்தில் இருக்கும் பொறியாளரும் ஒப்பந்ததாரரும் கையெழுத்துப் போட வேண்டும். புரட்டினேன். அந்த மூன்று மாதத்துக்கு ஒரு வரி இல்லை. ஓவர்சியர் எழுதவில்லை. ஒப்பந்ததாரர் எழுதச் சொல்லிக் கேட்டிருக்க மாட்டார். எழுதப் படிக்கச் சிரமப்படுகிறவர், அதிகாரியைப் பகைத்துக்கொள்ள விரும்பாதவர்.

நான் குறிப்பு எழுதினேன்: 'பதிவேட்டில் மேற்படி காலத்துக்குத் தடை ஏதும் பதியப்படவில்லை.' அது உண்மை. ஆனால் அதே மாதங்களில், வேறொரு கோப்பில், கிடங்கில் சிமெண்ட் இருப்பு இல்லை என்று மேலிடத்துக்கு மூன்று நினைவூட்டுக் கடிதம் தட்டச்சுக்குக் கொடுத்தவனும் நான்தான். அந்தக் கோப்பின் எண்ணை இந்தக் குறிப்பில் ஒரு வரி சேர்த்திருந்தால் போதும். அது இந்த நடவடிக்கைக்குச் சம்பந்தமில்லாத கோப்பு, கேட்காததை எழுதக் கூடாது என்று எனக்கு வேலை கற்றுக்கொடுத்த மூத்தவர் சொல்லியிருந்தார். எழுதவில்லை. அபராதம் பிடித்தார்கள். அந்த மனிதர் அதன் பிறகு எங்கள் அலுவலகத்தில் டெண்டர் போடவில்லை. ஒருமுறை பேருந்து நிலையத்தில் பார்த்தேன். வணக்கம் சார் என்றார். நான்தான் குறிப்பு எழுதியவன் என்பது அவருக்குத் தெரியாது.

ஒப்பந்தத்தில் காலம் என்பதற்குச் சட்டத்தில் நீண்ட கதை உண்டு. 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 55-ஆம் பிரிவு காலம் தவறினால் என்ன என்று சொல்கிறது, 74-ஆம் பிரிவு முன்கூட்டியே குறித்த இழப்பீட்டைப் பற்றியது. ஹிந்த் கன்ஸ்ட்ரக்‌ஷன் வழக்கில், கால நீட்டிப்புக்கும் தாமத அபராதத்துக்கும் ஒப்பந்தத்திலேயே இடம் இருந்தால் காலமே உயிர்நாடி என்று கொள்ள வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 1979-இல் தீர்ப்புச் சொன்னது. அந்த வேலை கொடுத்தது 1955-இல். விடுதி கட்டிய என் ஒப்பந்ததாரருக்கு அவ்வளவு ஆயுள் வேண்டாமா!

ஆக, இரண்டு நாள் கழித்துத் தம்பி வந்தபோது நான் கேட்ட முதல் கேள்வி, "இந்த அட்டவணை யாருக்குப்பா?" என்பது.

"அவங்களுக்குத்தான் மாமா. மாசாமாசம் கேக்கறாங்களே."

"உனக்கு வேண்டாமா?"

யோசித்தான். நாளைக்குத் தாமதம் என்று பில்லில் பிடித்தால் எதைக் காட்டுவாய் என்றேன். அதற்குப் பிறகு பேச்சு மென்பொருளை விட்டு வேறு பக்கம் போய்விட்டது. பிரிக்காமலே சொல்கிறேன்.

ருவா செய்த இன்னொன்று என்றேனே, அது இங்கேதான் வருகிறது. வேலைகளைக் கோர்க்கும் முறையைக் கண்டவரே, பலவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் முறையையும் கண்டார். எலெக்த்ர் என்று பெயர், 1965 வாக்கில் உருவாகி 1968-இல் கட்டுரையாக வந்தது. நாமெல்லாம் என்ன செய்வோம்? விலைக்கு இத்தனை மதிப்பெண், வசதிக்கு இத்தனை, பெயருக்கு இத்தனை என்று போட்டுக் கூட்டுவோம். அதிகம் வந்ததை வாங்குவோம். ருவா அந்தக் கூட்டலை ஒப்பவில்லை. ஒன்று மற்றதைவிட மேல் என்று சொல்ல வேண்டுமானால், பெரும்பான்மைக் காரணங்கள் அதன் பக்கம் இருக்க வேண்டும், அதோடு எந்த ஒரு காரணமும் கடுமையாக எதிர்க்கவும் கூடாது. பத்து நல்லது சேர்ந்தாலும் பொறுக்க முடியாத ஒரு கெடுதலை ஈடுகட்டாது.

தம்பிக்கு இதை விளக்கத் திண்டாடினேன். என் வீட்டுக்காரி உள்ளேயிருந்து, "ஜாதகத்துல எட்டுப் பொருத்தம் இருந்தாலும் ரஜ்ஜு தட்டினா வேணாம்னுதானே சொல்றோம்" என்றாள். அதேதான். பாரிஸில் கண்டுபிடித்ததைத் தியாகதுருகத்தில் ஜோசியர்கள் தினமும் செய்துகொண்டிருக்கிறார்கள்.

அவன் வேலைக்கு ரஜ்ஜு எது என்று பார்த்தோம். பெரிய ஒப்பந்ததாரரின் அலுவலகத்தில் அந்தக் கோப்பு திறக்க வேண்டும். இது ஒன்று. விசாரித்ததில் அவர்கள் வைத்திருப்பது மைக்ரோசாஃப்ட் பிராஜெக்ட். எக்ஸ்.எம்.எல். வடிவிலும் பி.டி.எஃப். ஆகவும் கொடுத்தால் போதும் என்றார்கள். இதை முதலிலேயே கேட்டிருந்தால் சங்கிலிப் பேச்சே வந்திருக்காது. அடுத்தது, யார் ஓட்டுவது? தம்பி பகலெல்லாம் தளத்தில். பில் வேலை பார்ப்பது அவன் மனைவி, பி.காம். படித்த பெண். பிரைமவேரா வல்லமையான கருவிதான், சந்தேகமில்லை. ஆயிரக்கணக்கான வேலைகள், பல ஒப்பந்தங்கள், பல பேர் ஒரே சமயத்தில் பார்க்கும் திட்டம் என்றால் அதுதான் சரி. ஆனால் அதற்குப் பயிற்சி பெற்ற ஆள் வேண்டும். ஓர் ஆளைச் சம்பளத்துக்கு வைத்து, அவன் ஆறு மாதத்தில் சென்னைக்குப் போய்விட்டால் மாதாந்திரக் கோப்பு நின்றுவிடும். ரஜ்ஜு தட்டியது. சென்னைக்காரர் விற்ற இணைய மென்பொருள், வாடகை கட்டுவதை நிறுத்தினால் பழைய அட்டவணைகளைப் பார்க்க முடியாது என்று அவர் வாயாலேயே ஒத்துக்கொண்டார். அதுவும் போயிற்று.

மூன்றாவது ரஜ்ஜு நாள்காட்டி. இதை யாரும் விற்கும்போது சொல்வதில்லை, ஆனால் இங்கேதான் பணம் போகிறது. மைக்ரோசாஃப்ட் பிராஜெக்டைத் திறந்தவுடன் அது எடுத்துக்கொள்ளும் வாரம் திங்கள் முதல் வெள்ளி. சனி, ஞாயிறு விடுமுறை. நம் ஊரில் கட்டட வேலை சனிக்கிழமை நின்று எவன் பார்த்தான்? கூலி கொடுக்கும் நாளே அதுதான். பொங்கலுக்கு ஒரு வாரம் ஆளே வராது. ஊர்த் தீமிதிக்கு மூன்று நாள் போகும். கரும்பு வெட்டு மும்முரமானால் சித்தாள்கள் அந்தப் பக்கம் போய்விடுவார்கள். ஐப்பசி, கார்த்திகையில் மழை. இதெல்லாம் நாள்காட்டியில் ஏற வேண்டும். 

அதைவிட முக்கியம், கான்கிரீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது. ஐ.எஸ். 456 விதிப்படி 4.5 மீட்டருக்கு மேல் அகலமான தளத்துக்கு அடியில் முட்டு 14 நாள் நிற்க வேண்டும். இப்போது கடையில் கிடைக்கும் கலப்பு சிமெண்டுக்குக் குறைந்தது 10 நாள் நீராற்ற வேண்டும். இந்த 14 நாளை வேலை நாள் என்று மென்பொருளில் அடித்தால், ஐந்து நாள் வாரத்தில் அது 18 முதல் 20 நாளாக நீளும். மூன்று தளத்துக்குக் கணக்குப் போட்டால் இரண்டு வாரத்துக்குப் பக்கம் காற்றில் போகிறது. அல்லது அந்த இரண்டு வாரத்தை வேறு எங்கோ சுருக்கிக் காட்டி, பிறகு அபராதம் கட்டுகிறோம். முட்டுக்கும் நீராற்றலுக்கும் தனியாக ஏழு நாள் கணக்கு வைக்க வேண்டும். நல்ல மென்பொருள் எதிலும் இதற்கு வழி உண்டு. வழி உண்டு என்று தெரிந்த ஆள்தான் இல்லை.

இலவசமாகக் கிடைக்கும் இரண்டைத் தம்பி மனைவியே இறக்கிப் பார்த்தாள். கேன்ட்பிராஜெக்ட் என்று ஒன்று. 2003-இல் பிரான்சில் மார்ன்-லா-வாலே பல்கலைக்கழகத்தில் தொடங்கியது என்று படித்ததும் எனக்கு அதன் மேல் ஒரு பாசம். ஆனால் பாசத்துக்காக அவள் வேலை செய்ய முடியுமா? பிராஜெக்ட்லிப்ரே என்ற மற்றதன் முகம் மைக்ரோசாஃப்ட் பிராஜெக்ட் போலவே இருப்பதால், யூடியூபில் கிடைக்கும் பாடங்களைப் பார்த்து அப்படியே செய்ய முடிகிறது என்றாள். அதையே வைத்துக்கொண்டார்கள். சங்கிலி கழுத்திலேயே இருக்கிறது.

நான் வற்புறுத்தியது ஒன்றே ஒன்று. பழைய புளூ பிரிண்ட் பார் சார்ட் முட்டாள்தனமானதுதான், ஆனால் அதில் செயற்பொறியாளர் கையெழுத்து இருந்தது, யாரும் மாற்ற முடியாது. மென்பொருளில் எஃப்-9 விசையைத் தட்டினால் எல்லாத் தேதியும் நகர்ந்து உட்கார்ந்துகொள்கிறது. நேற்று வரை என்ன இருந்தது என்று தடமே தெரியாது. அதனால் முதல் அட்டவணையை பேஸ்லைனாகப் பதிந்து, மாதாமாதம் ஒரு நகல் எடுத்து, தேதியைப் பெயரில் சேர்த்து மின்னஞ்சலில் அனுப்பச் சொன்னேன். அனுப்பிய தேதி யார் நினைத்தாலும் மாறாது. மின்னணு ஆவணத்தைச் சாட்சியாகக் கொடுக்கச் சான்றிதழ் வேண்டும். பழைய சாட்சியச் சட்டத்தில் 65-பி, 2024 ஜூலை முதல் புதிய சட்டத்தில் 63-ஆம் பிரிவு.

அதோடு, கள்ளக்குறிச்சி கடைவீதியில் 200 பக்கக் கட்டு நோட்டு ஒன்று நானே வாங்கிவந்து, பக்க எண் போட்டு, கோடு கிழித்துக் கொடுத்தேன். தேதி, தடை, காரணம், நீங்கிய தேதி, இரண்டு கையெழுத்து. இந்த வயதில் கோடு நேராக வரவில்லை. தம்பி சிரித்தான். "மாமா, சாஃப்ட்வேர் கேட்டா நோட்டு குடுக்கறீங்க" என்றான்.

போன வாரம் நோட்டைக் கொண்டுவந்து காட்டினான். கார்த்திகை மழைக்கு நான்கு பதிவு, எம்-சாண்ட் லாரி வராததற்கு இரண்டு, முதல் தளத்து வரைபடம் மாறி வந்ததற்கு ஒன்று, 11 நாள். எல்லாவற்றிலும் அவன் கையெழுத்தும் தளப் பொறியாளர் கையெழுத்தும் இருந்தன. வரைபடப் பதிவில் மட்டும் எதிர்க் கையெழுத்து இல்லை.

"நாளைக்கு வாங்கிடறேன் மாமா, இன்னிக்கு அவரு கிளம்பிட்டாரு" என்றான்.

அவர் குடியிருப்பது எங்கே என்று கேட்டேன். சின்னசேலம் என்றான். வண்டியில் பெட்ரோல் இருக்கிறதா என்று கேட்டேன். என் முகத்தைப் பார்த்தவன் ஒன்றும் சொல்லாமல் நோட்டை பாலித்தீன் பையில் சுற்றிக்கொண்டு கிளம்பினான். அவன் திரும்பி வரும்போது மணி ஒன்பதரை இருக்கும். தெருமுனையிலேயே ஹார்ன் அடித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனான்.